ரெண்டு பாட்டில் விதி

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். விருதுநகர்தானே? நானும் அங்கதான். பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்புல இறங்கிருவேன், கல்யாண மண்டபத்துக்கிட்ட. கல்யாணத்துக்கு இல்லை. பட்டுச்சேலையைப் பார்த்தா அப்படித்தான் தோணும். எனக்கு இன்னிக்கு ஷீல்டு குடுக்கிறாங்க.

நிஜமாத்தான் சொல்றேன். பன்னெண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரியில நூத்துக்கு நூறு வாங்க வச்ச டீச்சருங்களுக்கு ஒரு சங்கத்துக்காரங்க வருஷா வருஷம் ஒரு ஷீல்டும் சால்வையும் குடுப்பாங்க. அருப்புக்கோட்டையில பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருபத்தி நாலு வருஷமா கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். இருபத்தி நாலு வருஷமும் அந்த சால்வை வேற யார் தோள்லயோதான் விழுந்துச்சு. இந்த வருஷம் ராஜபுஷ்பம் டீச்சர்னு அழைப்பிதழ்லயே அச்சடிச்சுட்டாங்க, போட்டோவோட. நான் சந்தோஷமா இருக்கணும்ல? இல்லைம்மா. ஏன்னா அந்த நூறு மார்க் எடுத்தவ ஒரு பொய்க்காரி. என் மூஞ்சிக்கு நேரா நின்னு பொய் சொன்னவ. அவ பக்கத்துல நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு போட்டோ எடுக்கணும். அதுக்கப்புறம் மைக்கைக் கையில குடுத்து, இந்த மாணவியை எப்படித் தயார் பண்ணீங்க, நாலு வார்த்தை பேசுங்கன்னுவாங்க. என்னத்தப் பேச? காலையில இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன்.

உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியுமா? தெரியாதா. ரொம்ப நல்லது. தெரிஞ்சவங்ககிட்ட பேசிப் பேசித்தான் எனக்கு இந்த கதி.

சொல்றேன் கேளுங்க. பி.எச்.னு ஒண்ணு இருக்கு. புளிப்புக்கு ஒரு அளவு, அவ்வளவுதான். ஏழுன்னா சும்மா தண்ணி. ஏழுக்குக் கீழ இறங்க இறங்கப் புளிப்பு, அது ஆசிட். மேல ஏற ஏற சோப்புத் தண்ணி மாதிரி வழவழப்பு, அது காரம். மிளகாய்க்கும் அந்தக் காரத்துக்கும் சம்பந்தமில்லை. இப்போ தண்ணியில ஒரே ஒரு சொட்டு ஆசிட் விட்டீங்கன்னா, ஏழுல இருந்தது பொத்துன்னு நாலுக்கு வந்து விழும். பஃபர்னு ஒரு கரைசல் இருக்கு, அதுல விட்டா விழாது. இருந்த இடத்துலயே இருக்கும். வீட்டுக்கு விருந்தாளி எட்டுப் பேரு சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னாலும் முகம் மாறாத மருமக இருக்காளே, அப்படி. அந்த மாதிரி மருமக உலகத்துல கிடையாது, பீக்கர்லதான் இருக்கா.

எங்க பிள்ளைங்களுக்கு பரீட்சையில வர்ற கஷ்டம் என்னன்னா, ஒரு கலவையைக் குடுத்து இது பஃபரா இல்லையா, பி.எச். எவ்வளவுன்னு கேப்பான். பாவம், முழிக்கும்ங்க. அதுக்குத்தான் நான் ஒரு விதி வச்சிருக்கேன். பஃபர் செய்ய ரெண்டு பாட்டில் வேணும். ஒரு பாட்டில்ல வீக்கான ஆசிட். வினிகர்ல இருக்கே, அந்த அசிட்டிக் ஆசிட்டுன்னு வச்சுக்கோங்க. இன்னொரு பாட்டில்ல அதே ஆசிட்டோட உப்பு. கேள்வியில இந்த ரெண்டு பாட்டிலும் இருக்கா? பஃபர். உப்பு பாட்டில் இல்லையா? பஃபர் இல்லை, அடுத்த கேள்விக்குப் போ. யோசிக்கவே வேண்டாம். ரெண்டு பாட்டில் விதின்னு சொன்னா எங்க ஸ்கூல்ல பழைய பிள்ளைங்க, இன்னிக்கு ரெண்டு குழந்தைக்குத் தாய், அவங்ககூட ஒப்பிப்பாங்க. கடைத்தெருவுல பார்த்தா, டீச்சர் ரெண்டு பாட்டில்னு கூப்பிடுவாங்க. பக்கத்துல நிக்கிறவன் என்னை ஏற இறங்கப் பார்ப்பான். அதையெல்லாம் தாங்கிக்கிட்டுத்தான் இந்தத் தொழில்ல இருக்கேன்.

போன வருஷம் என் வகுப்புல நாப்பத்திரெண்டு பேரு. நாப்பத்தொரு பேரு நல்ல பிள்ளைங்க. சொன்னதை அப்படியே எழுதுவாங்க. நாப்பத்திரெண்டாவது ஒருத்தி, சௌடேஸ்வரி. அவங்கப்பா நூலுக்குச் சாயம் போடுற பட்டறையில வேலை. நான் யாரையும் தொழிலை வச்சுப் பேசுறவ இல்லை. ஆனா சாயப்பட்டறையில பொறந்தா கெமிஸ்ட்ரி பொறப்புலயே வந்துரும்னு ஒரு நெனப்பு அந்தக் குடும்பத்துக்கு.

அக்டோபர்ல ஒரு டெஸ்ட் வச்சேன். பிள்ளைங்க விழறாங்களா பார்க்கலாம்னு நானே ஒரு பொறி வச்சேன். அசிட்டிக் ஆசிட் நூறு மில்லி. அதே பலத்துல காஸ்டிக் சோடா, அது காரம், அம்பது மில்லி. ரெண்டையும் கலந்தா பஃபரா, பி.எச். என்ன? பாட்டிலை எண்ணுங்க. ஒண்ணு ஆசிட், இன்னொண்ணு காஸ்டிக். உப்பு எங்க? இல்லை. அப்போ பஃபர் இல்லை. அந்த காஸ்டிக் பாதி ஆசிட்டைக் காலி பண்ணிரும். மிச்சமிருக்கிற பாதியை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா மூணு புள்ளி பதினொண்ணு. முடிஞ்சது கதை. நாப்பத்தொரு பேரும் அப்படியே எழுதியிருந்தாங்க. என் கண்ணே பட்டுரும் போல இருந்துச்சு.

இவ எழுதியிருக்கா, பஃபர்தான், நாலு புள்ளி ஏழு நாலுன்னு. அழகா ஒரு முட்டை போட்டேன்.

முட்டை வாங்கினவ என்ன செய்யணும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு இடத்துக்குப் போகணும். இவ மேஜைக்கு வந்து நின்னா. சத்தமெல்லாம் போடலை. அவ சத்தமே போடமாட்டா, அதுதான் எரிச்சல்.

"டீச்சர், அந்த காஸ்டிக் பாதி ஆசிட்டைத் தின்னுரும்ல?"

"ஆமா."

"தின்ன பாதி என்னாகும் டீச்சர்?"

"உப்பாகும். ஆறாம் வகுப்புப் பாடம் எனக்கு நடத்துறியா?"

"அப்போ மிச்சப் பாதி ஆசிட்டு, உப்பான பாதி, ரெண்டும் அதே பீக்கர்லதானே டீச்சர் இருக்கு?"

"உப்பு பாட்டிலை எடுத்தியா நீ?"

"எடுக்கலை டீச்சர்."

"கேள்வியில இருக்கா?"

"இல்லை டீச்சர். உள்ளுக்குள்ளயே உண்டாயிருக்கு."

உள்ளுக்குள்ளயே உண்டாயிருக்காம். கேட்டீங்களா? நாம ஊத்தாததை நாம ஏன் கணக்குல சேர்க்கணும்? நாளைக்கு இவ வீட்டுல உலையில அரிசி மட்டும் போட்டுட்டு, பருப்பு உள்ளுக்குள்ளயே உண்டாயிருக்கும்னு உக்காந்திருப்பாளா? இதை நான் வகுப்புல சொன்னேன். பிள்ளைங்க எல்லாம் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. யோசிச்சுக்கிட்டு நின்னா.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அவங்கப்பா வந்தாரு, நகத்துக்கண்ணு எல்லாம் நீலம். சரி, பெத்தவர்கிட்ட பக்குவமாச் சொல்லுவோம்னு, உங்க பொண்ணு ரொம்ப எதிர்த்துப் பேசுது, நான் சொல்லிக் குடுத்ததை ஏத்துக்க மாட்டேங்குதுன்னேன். என்ன விஷயம்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம் சொல்றாரு, "எங்க பட்டறையில டீச்சர், தொட்டியில என்ன ஊத்துனோம்னு பார்த்தா வேலைக்காகாது. இப்ப தொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும். இல்லாட்டி நூலு பாழு." எம்.எஸ்ஸி., எம்.பில்., பி.எட். படிச்சுட்டு வந்து நான் நீல நகத்துக்கிட்ட பாடம் கேட்டுக்கிட்டு நிக்கிறேன் பாருங்க. ரொம்ப நன்றிங்கண்ணே, தெரிஞ்சுக்கிட்டேன், போயிட்டு வாங்கன்னேன். அவரும் கும்பிட்டுட்டுப் போனாரு. கிண்டல்கூடப் புரியலை அந்த மனுஷனுக்கு.

பாலவநத்தம் வந்துருச்சா? இன்னும் நேரம் இருக்கு. தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா.

சரி, அதோட விட்டாளா? விடலை. பிராக்டிகல் வகுப்புல எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் ரெக்கார்டு நோட்டு திருத்திக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பார்த்தா ஒரு மூலையில கூட்டம். நடுவுல இவ. ரெண்டு பீக்கர் வச்சிருக்கா. ஒண்ணுல அந்த நூறும் அம்பதும் கலந்தது. இன்னொண்ணுல சும்மா தண்ணி. ரெண்டுலயும் இண்டிகேட்டர் விட்டிருக்கா. அது ஒரு மருந்தும்மா, புளிப்புக்குத் தக்கன கலர் மாறும். தண்ணி பச்சையா இருக்கு, இவ கலவை ஆரஞ்சா இருக்கு. ஒரு சொட்டு ஆசிட்டைத் தண்ணியில விட்டா. பச்சை போயி சிவப்பாயிருச்சு. அதே ஆசிட்டைத் தன் கலவையில ஒரு சொட்டு விட்டா. ஆரஞ்சு. ரெண்டு சொட்டு, மூணு சொட்டு. பிள்ளைங்க எண்ணுறாங்க, திருவிழாவுல ராட்டினம் பார்க்கிற மாதிரி. பத்து சொட்டு விட்டும் ஆரஞ்சு ஆரஞ்சாவே இருக்கு.

நான் என்ன செஞ்சேன்? பதட்டப்படலையே. இண்டிகேட்டர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துல காட்டினேன். இது வாங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா, காலாவதியான மருந்தை வச்சு விஞ்ஞானம் பண்றியான்னு கேட்டேன். பவதாரணின்னு ஒரு பிள்ளை, தங்கமான பிள்ளை, என் பையைத் தூக்கிட்டு வர்றது அவதான், அவ உடனே சொன்னா, "ஆமா டீச்சர், மருந்து பழசு." அப்புறம் எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. இவ மட்டும் மெதுவா, "தண்ணிக்கு மட்டும் மருந்து வேலை செஞ்சுச்சே டீச்சர்"ன்னா. ரெண்டையும் நானே சிங்க்ல கொட்டினேன். அந்த ஆரஞ்சு சனியன், குழாயைத் திறந்துவிட்டும் போக மாட்டேன்னு அங்கயே நின்னுச்சு.

அன்னிக்கு முடிவு பண்ணினேன், ஒருத்தி கெட்டா நாப்பத்தொண்ணும் கெட்டுரும். மொத்த வகுப்புக்கும் இம்போசிஷன். உப்பு பாட்டில் எடுக்காத இடத்தில் பஃபர் இல்லை. இந்த ஒரு வரி. ஆளுக்கு நூறு தடவை, நம்பர் போட்டு, தனி நோட்டுல. இப்பத்த டீச்சருங்க இம்போசிஷன் குடுக்கக் கூடாதும்பாங்க, பிள்ளைங்க மனசு நொந்துருமாம். கை நொந்தாத்தான்ம்மா மனசுல நிக்கும். மறுநாள் காலையில நாப்பத்திரெண்டு நோட்டும் மேஜையில வந்துருச்சு. அவ நோட்டும் இருந்துச்சு, முதல் நோட்டா.

நாப்பத்திரெண்டு நோட்டு, நாலாயிரத்து இருநூறு வரி. யார் படிப்பா? அதுக்கும் ஒரு முறை வச்சிருக்கேன். முதல் பக்கத்துல முதல் வரியைப் பார்ப்பேன். கடைசிப் பக்கத்துல நம்பர் நூறு இருக்கான்னு பார்ப்பேன். நூறு இருந்துச்சுன்னா கீழ சிவப்பு மையில "சரி"ன்னு எழுதி, கையெழுத்து, தேதி. ஒரு நோட்டுக்கு மூச்சு விடுற நேரம்தான். மறுநாள் பிள்ளைங்க கையில குடுத்து, பார்த்ததும் திரும்ப வாங்கி பீரோவுல கட்டி வச்சிருவேன். புதுசா வந்த டீச்சருங்களுக்கு நான்தான் இந்த முறையைச் சொல்லிக் குடுத்தேன், நேரம் மிச்சம்னு எல்லாரும் கும்பிட்டாங்க.

அதுக்கப்புறம் அவ வாயே திறக்கலை. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ஒரு கேள்வி கிடையாது. அடங்கிட்டான்னு ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன். எச்.எம். கூட, உங்ககிட்ட வந்தா எல்லாம் அடங்கிரும் டீச்சர்னாங்க.

மார்ச்ல பொதுப்பரீட்சை. முப்பத்திமூணாவது கேள்வி, கட்டாயக் கேள்வி, மூணு மார்க். என்ன வந்திருக்குன்னு நினைக்கிறீங்க? நூறு மில்லி அசிட்டிக் ஆசிட், அம்பது மில்லி காஸ்டிக். நம்பர்கூட மாறலைம்மா. பாடம் எடுக்கிற டீச்சரை அன்னிக்கு ஹாலுக்குள்ள விடமாட்டாங்க, நான் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்க வெளிய வந்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டாங்க. டீச்சர், நம்ம கேள்வி, அப்படியே வந்திருக்கு, பஃபர் இல்லைன்னு எழுதிட்டோம், மூணு புள்ளி பதினொண்ணு. பவதாரணி அழுதுட்டா சந்தோஷத்துல. நூறு எடுப்பா, அவதான் எடுப்பான்னு நான் ஜூன் மாசத்துல இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

கடைசியா இவ வந்தா, ஸ்கேலும் பேனாவும் கையில. நானே கூப்பிட்டேன். என்ன எழுதினே நீன்னு கேட்டேன். என் முகத்தை நேராப் பார்த்துச் சொன்னா, "நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டதைத்தான் டீச்சர் எழுதியிருக்கேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அப்படியே உருகிருச்சு. அவ கன்னத்தைத் தட்டி, நல்லா இரு தாயின்னேன். ஒரு வருஷத்துல அன்னிக்குத்தான் அவளைப் பார்த்துச் சிரிச்சேன்.

அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்க முடியுமா? முடியாதே. அடுத்த மாசம் விடைக்குறிப்பு வெளிய விட்டாங்க. முப்பத்திமூணு: பஃபர், நாலு புள்ளி ஏழு நாலு. முதல்ல அச்சுப் பிழைன்னு நினைச்சேன். அப்புறம் நாலு பக்கத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதினேன் மேலிடத்துக்கு, ரெண்டு பாட்டில் விதியை விளக்கமா படம் போட்டு. பதில் வரலை. வேலை அதிகம் போல அவங்களுக்கு. வாட்ஸப் குரூப்ல மத்த ஸ்கூல் டீச்சருங்க, என்ன டீச்சர், பாதி உப்பாயிருமேங்கிறாங்க. எல்லாரும் அந்த நீல நகத்துக்கிட்ட டியூஷன் போயிருப்பாங்க.

ரிசல்ட் வந்துச்சு. சௌடேஸ்வரி நூறு. பவதாரணி தொண்ணூத்தேழு. வேற எங்கயும் போகலை, எல்லாத்துலயும் முழு மார்க், அந்த மூணுதான் போச்சு. மத்த பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். ஒருத்திக்கு முப்பத்தெட்டு இருந்தா நாப்பத்தொண்ணா இருந்திருக்கும்னு வச்சுக்கோங்க, எல்லார் மார்க்லயும் ஒரு மூணு மார்க் ஓட்டை. பவதாரணி வீட்டுக்கு வந்தா, லட்டு வாங்கிட்டு. நான் ஒண்ணும் கேக்கலை. அவளாவே, "பரவாயில்லை டீச்சர், நீங்க என்ன செய்வீங்க, விடைக்குறிப்பு தப்பு"ன்னா. அந்த மூணு மார்க்குல அவ கேட்ட காலேஜ் கிடைக்காமப் போச்சும்மா. அதையும் அவ சொல்லலை, அவங்கம்மா சொன்னாங்க. அந்த லட்டு எனக்கு இறங்கவே இல்லை.

இதுல இவ நூறு. அப்போ என்ன அர்த்தம்? என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு பேப்பர்ல வேற எழுதியிருக்கா. நீங்க கையெழுத்துப் போட்டதைத்தான் எழுதினேன்னு என் கண்ணைப் பார்த்துச் சொன்ன வாய்தானே அது? தப்பா எழுதியிருந்தாக்கூட மன்னிச்சிருவேன். பொய்யை எப்படிம்மா மன்னிக்கிறது? ஸ்கூல் வாசல்ல அவளுக்கு பேனர் கட்டியிருக்கு, கீழ "வழிகாட்டிய ஆசிரியை"ன்னு என் போட்டோ. தினமும் அந்தப் பொய்க்குக் கீழ நுழைஞ்சுதான் நான் ஸ்கூலுக்குப் போறேன்.

இன்னிக்கு மேடையில இதைச் சொல்லிரலாமான்னுகூட இருக்கு. பிள்ளை நல்லா எழுதியிருக்கு, ஆனா ஒழுக்கம்னு ஒண்ணு வேணும்னு. சும்மா சொல்லலைம்மா, ஆதாரம் கையிலயே வச்சிருக்கேன். விழாக்காரங்க, மாணவியோட நோட்டு ஏதாவது இருந்தா கொண்டு வாங்க, மேஜையில பார்வைக்கு வைக்கணும்னாங்க. நான் எதைக் கொண்டு வந்திருக்கேன்னு நினைக்கிறீங்க? அந்த இம்போசிஷன் நோட்டு. பீரோவுல கட்டா இருந்துச்சு, மேல இருந்ததே அவளுதுதான். நாலு பேரு பார்க்கட்டும், எப்படிப்பட்ட கண்டிப்புல வளர்த்தோம்னு. இந்தாங்க. கையெழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்கா? அதுல குத்தம் சொல்ல மாட்டேன்.

பஸ் ஆட்டத்துல எனக்குப் படிக்க முடியாது, தலை சுத்தும். நீங்க வாசிங்க, நான் கேக்கிறேன். ம். உப்பு பாட்டில் எடுக்காத இடத்தில் பஃபர் இல்லை. ம். ஒண்ணு. ரெண்டு. இருபது வரைக்கும் வாசிக்கப் போறீங்களா? அதெல்லாம் வேண்டாம்மா, எல்லாம் அதே வரிதான். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. நூறுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கும், சிவப்பு மையில.

என்ன?

வேற வரியா? அது எப்படி வேற வரியா இருக்கும்? பக்கம் மாத்திப் பார்க்கிறீங்க போல. எங்க இருந்து வேற? அம்பத்தொண்ணுல இருந்தா? செத்த இருங்க, அந்தப் பையில முன்னாடி ஜிப்புல கண்ணாடி இருக்கு, எடுத்துக் குடுங்க.

அம்பது. உப்பு பாட்டில் எடுக்காத இடத்தில் பஃபர் இல்லை. சரி.

அம்பத்தொண்ணு. பாதி அமிலம் உப்பாகிவிட்டால், உப்பு பாட்டில் எடுக்காவிட்டாலும் அது பஃபர், பி.எச். நாலு புள்ளி ஏழு நாலு.

அம்பத்திரெண்டு, அதே. அறுபது, அதே. எழுபத்தஞ்சு. நூறு வரைக்கும் அதேதான். முத்து முத்தா. ஒரு இடத்துலகூட அவசரப்பட்டு எழுதலை. கீழ சிவப்பு மையில, சரி. ராஜபுஷ்பம். தேதி.

என் கையெழுத்துதான்ம்மா. அந்த "ரா" எழுத்துக்குக் கால் இழுக்கிறது வேற யாருக்கும் வராது.

அம்பது என்னது, அம்பது அவளது. அந்தப் பொண்ணுக்கு எதைக் கலந்தாலும் பாதிக்குப் பாதிதான் வரும் போல. அக்டோபர்ல எழுதிக் குடுத்திருக்கா. நான் படிப்பேன்னு நினைச்சு முதல் நோட்டா வச்சிருக்கா. மறுநாள் கையில வாங்கினப்போ என்னையே பார்த்துக்கிட்டு நின்னா, அது இப்பத்தான் ஞாபகம் வருது. சரின்னு போட்டுக் குடுத்தேன். டீச்சர் ஒத்துக்கிட்டாங்கன்னு நினைச்சிருப்பா. அப்புறம் ஏன் கேள்வி கேக்கப் போறா? ஏன் பேசப் போறா? அடங்கிட்டான்னு நான் ஸ்டாஃப் ரூம்ல காபி குடிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கேன்.

பொய் சொல்லலைம்மா அவ. நான் கையெழுத்துப் போட்டதைத்தான் எழுதியிருக்கா.

இல்லை, அழலை. பட்டுச்சேலை வேர்க்குது, அதான். அழுதாலும் என்ன, நீங்க யாரோ நான் யாரோ. ஆமா, அழுகைதான் வருது.

மேடையில கேப்பாங்கல்ல, எப்படித் தயார் பண்ணீங்கன்னு. என்ன சொல்லணும்னு இப்ப எனக்குத் தெரியும். சொல்லுவேனான்னுதான் தெரியலை. சால்வையைப் போத்திட்டாங்கன்னா மனுஷிக்கு வாய் மாறிரும். அதனால உங்ககிட்டயாவது இப்பவே சொல்லிர்றேன், அந்த நீல நகத்துக்காரர் சொன்னது சரி. நான் தொட்டிக்குள்ள பார்க்கவே இல்லை. இருபத்தி நாலு வருஷமா பாட்டிலையே எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஸ்டாப் வந்துருச்சு. அந்த நோட்டைக் குடுங்க, பையில வச்சுக்கிறேன். மேஜையில வைக்கத்தான் போறேன், கடைசிப் பக்கத்தைத் திறந்து வைக்கணும். அந்த தைரியமாவது இருக்கும்னு நினைக்கிறேன்.

மத்த நாப்பத்தொரு நோட்டா? பீரோவுலதான் இருக்கு. அதைப் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லைம்மா, எனக்குத் தெரியும். பவதாரணி நோட்டுல ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் ஒரு எழுத்து மாறியிருக்காது. யாரோடதுலயும் மாறியிருக்காது. நாலாயிரத்து நூறு தடவை எழுதியிருக்காங்க. நல்ல பிள்ளைங்க. நான் சொன்னதை அப்படியே எழுதுவாங்க.